உள்ளங்கைத் தோல் கேட்ட கேள்வி

ஒரு காலத்தில் கெங்கம்மாவின் வலது உள்ளங்கையில் பூப்போன்ற ஒரு தோல் இருந்தது. குவாரியில் கல்லுடைக்கப் போன முதல் நாளே சம்மட்டிக் காம்பு அதை உரசி உரசிக் கொப்புளமாக்கிவிட்டது.

"ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்துகிறாய்?" என்று அழுதது தோல்.

"நீ மெத்தென்று இருக்கும்வரை உரசத்தான் செய்வேன். என் பிழைப்பு அது" என்றது காம்பு.

தோலுக்கு ரோஷம் வந்தது. உதிரவேண்டிய பொருக்கையெல்லாம் உதிரவிடாமல் அடுக்கு மேல் அடுக்காகச் சேர்த்துக்கொண்டது. அடியில் குடியிருந்த நரம்பு பதறியது.

"அம்மா தாயே, கூரையை இவ்வளவு கனமாய்ப் போட்டால் வெளியே நடப்பது எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமல் இருந்தால்தான் நிம்மதி. வாயை மூடிக்கொண்டு கிட."

ஒரே வருஷத்தில் தோல் காய்த்து இறுகிவிட்டது. காம்புதான் தேய்ந்து வழவழப்பாகிப் போயிற்று. தோலுக்குத் தலைகால் புரியவில்லை. பாவம், அதைச் சொல்லியும் குற்றமில்லை. வலி தாங்காதவர்கள் எல்லாரும் செய்வதைத்தான் அதுவும் செய்தது.

ஒரு நாள் விடிந்ததும் கணவன் மாதையன் குரல் கொடுத்தான். "பாப்பா முனகிக்கிட்டே இருக்கா. ஒடம்பு காயுதான்னு பாரு. என் கை மரத்துப்போன கை, ஒண்ணும் தெரியல."

எட்டு மாசக் குழந்தை பொன்னியின் நெற்றியில் கெங்கம்மா உள்ளங்கையை வைத்தாள்.

"கொஞ்சம் வழிவிடு, நான் பார்க்கிறேன்" என்று கெஞ்சியது நரம்பு.

"ஒன்றுமில்லை, பேசாமல் இரு" என்றது தோல்.

"ஒண்ணுமில்ல. பல்லு மொளைக்குது, அதான் சிணுங்குறா" என்றாள் கெங்கம்மா.

குவாரிப் புளியமரத்தில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு வேலைக்கு உட்கார்ந்தாள். உச்சிவேளையில், கூட வேலை செய்யும் ருக்கு தூளிக்குள் புறங்கையை வைத்துப் பார்த்து அலறினாள். "அடியே கெங்கா, நெருப்பாக் கொதிக்குது! ஜன்னி கண்டு வெட்டி வெட்டி இழுக்குதுடி!"

அடுத்த குழியில் கல்லுடைத்துக்கொண்டிருந்த மாதையன் ஓடிவந்து, ஆஸ்பத்திரிக்குப் பைக்கை முடுக்கினான். பின்னால் கெங்கம்மா, மடியில் குழந்தை. அதன் பாதங்கள் அவள் வலது கைக்குள் இருந்தன. பாதி வழியில் இழுப்பு நின்றது.

தோல் முதல்முறையாகப் பயந்தது. அடியில் இருந்த நரம்பைத் தட்டி எழுப்பியது.

"ஏய், இந்தப் பாதம் சுடுகிறதா, சில்லிட்டுவிட்டதா? சொல்லேன்!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றது நரம்பு.

கெங்கம்மா குனிந்தாள். பாதத்தில் கன்னத்தை வைத்தாள். பிறகு குழந்தையின் மூக்கருகே வைத்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"மெதுவாவே போங்க" என்றாள் கணவனிடம்.