புளிக் கிடங்கின் மகிழ்ச்சித் திட்டம்

இருட்டிய பிறகு காட்டில் ஒரு விசித்திரமான சத்தம் கேட்டது. "ஹா ஹா ஹா! ஹோ ஹோ ஹோ!"

ஆந்தை பதறிப்போய்ப் பறந்து வந்தது. "ஐயோ, யார் செத்துப்போனார்கள்?"

"யாரும் சாகவில்லை, சிரிக்கிறோம்!" என்றது முள்ளம்பன்றி. "மாசி மாதத்துக்குச் சிரிப்புப் பயிற்சி."

"இதுவா சிரிப்பு? ஒப்பாரி என்றல்லவா நினைத்தேன்!"

சத்தம் வந்த இடம் கரடியாரின் புளிக் கிடங்கு. விடிந்ததும் வேலை தொடங்கும். முள்ளம்பன்றி புளியம்பழத்தின் ஓட்டை உடைக்கும். எலிகள் கொட்டையைப் பல்லால் நெம்பி எடுக்கும். பொழுது சாய்வதற்குள் தாடை விட்டுப்போகும்.

முன்பெல்லாம் அத்தோடு வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அவர்கள் முகம் வாடியிருப்பதைப் பார்த்துக் கரடியாருக்கு மனசு கேட்கவில்லை. "வருஷம் முழுக்க இவர்களைச் சந்தோஷமாக வைக்க ஒரு திட்டம் போடு" என்று மயிலிடம் சொல்லிவிட்டார்.

மயில் தன் நண்பர்களைக் கூட்டி வைத்துத் திட்டம் போட்டது. தை மாதம் தோகை நடனம். மாசியில் சிரிப்பு. பங்குனியில் கொக்கு நடத்தும் ஒற்றைக்கால் தியானம். ஐப்பசியில் தவளையோடு மழைப் பாட்டு. எல்லாமே வேலை முடிந்த பிறகு!

"எனக்கு ஏதுடி தோகை?" என்று பூவரசி என்ற சின்ன எலியிடம் முணுமுணுத்தது முள்ளம்பன்றி. "முள்ளைத் தூக்கி ஆடினேன். பக்கத்தில் நின்ற முயல் இன்னும் நொண்டுகிறது!"

பூவரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வளையில் மூன்று குட்டிகள் தனியாக இருந்தன. இன்னும் கண் திறக்காத குட்டிகள். போன மழையில் கதவின் தாழ்ப்பாள் இற்று விழுந்துவிட்டது. புதிதாகப் போட ஒரு மூங்கில் சிம்பு வெட்ட வேண்டும். அதற்கு வெளிச்சமுள்ள ஒரு சாயங்காலம் வேண்டும். காட்டுப்பூனை திரியும் இருட்டில் மூங்கில் புதருக்குப் போக முடியுமா? இரவெல்லாம் கதவில் முதுகைச் சாய்த்து விழித்திருந்தாள். பகலெல்லாம் கொட்டை எடுத்தாள்.

"மயிலண்ணா, நாளைக்கு மட்டும் என்னைச் சீக்கிரம் அனுப்புங்கள். கதவுக்குத் தாழ்ப்பாள் போடணும். பயமாக இருக்கிறது."

"பயமா? அதற்கும் திட்டம் இருக்கிறதே! கார்த்திகையில் பயம் போக்கும் பயிற்சி!"

"கார்த்திகைக்குள் என் குட்டிகள்..."

"முகத்தை இப்படி வைத்துக்கொள்ளாதே, எலியம்மா! உனக்குத்தான் சிரிப்பு ரொம்பத் தேவை. நாளை முதல் வரிசையில் வந்து நில்!"

பங்குனி பிறந்தது. அந்தி மங்கும் நேரம். எல்லோரும் கண்ணை மூடி ஒற்றைக்காலில் நின்றார்கள். "மனத்தில் எதுவும் இருக்கக் கூடாது!" என்றது கொக்கு.

எங்கும் அமைதி. அந்த அமைதியில் பூவரசியின் காதில் விழுந்தது, 'கிரீச்!' சற்றுத் தள்ளியிருந்த அவள் வீட்டுக் கதவு!

அவள் பாய்ந்தாள். "யாரது காலை ஊன்றியது?" என்று கொக்கு கத்தியது. முள்ளம்பன்றிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதுவும் தடதடவென்று பின்னால் ஓடியது.

காட்டுப்பூனையின் முன்னங்கால் முழுக்க வளைக்குள் இருந்தது. பூவரசி அதன் வாலைக் கவ்வித் தொங்கினாள். முள்ளம்பன்றி முதுகைத் திருப்பி ஒரே இடி! பூனை அலறிக்கொண்டு ஓடியது.

குட்டிகள் மூன்றும் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. பூவரசி ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தாள். ஒன்றுக்கும் காயமில்லை.

கரடியார் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். சங்கடத்தோடு நின்றார். "உங்கள் நன்மைக்காகத்தானே அம்மா இத்தனையும் செய்தேன்! இன்னும் என்னதான் வேண்டும்?"

"எதுவும் வேண்டாம், ஐயா" என்றாள் பூவரசி. கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை. "வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு விடுங்கள். அது போதும்."

"அப்படியானால் மிச்ச மாதங்களுக்கு என்ன செய்வது?" என்று பதறியது கரடியாரின் பின்னாலேயே வந்த மயில்.

"நீ ஆடு. பார்க்க விருப்பமுள்ளவர்கள் இருந்து பார்க்கட்டும்" என்றார் கரடியார்.

மறுநாள் வெயில் இறங்குவதற்கு முன்பே பூவரசி வீடு திரும்பினாள். முற்றிய மூங்கில் சிம்பு ஒன்றை வெட்டினாள். பல்லால் சீவிப் பொருத்தினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, 'டக்'கென்று தாழ்ப்பாள் போட்டாள். மாலை வெளிச்சம் வெளியே மிச்சமிருக்கும்போதே குட்டிகளை அணைத்துத் தூங்கிப்போனாள்.

நீதி: பிறருக்கு நன்மை செய்ய விரும்புகிறவர், அவர்களுக்கு என்ன தேவை என்று முதலில் அவர்களிடமே கேட்க வேண்டும்.