கிடாயின் முதுகில் விழுந்த வெள்ளை

ஆடும் ஆளும் ஒரே பேச்சுப் பேசிக்கொண்டும், ஒன்றையொன்று வைதுகொண்டும் இருந்த அந்தக் காலத்தில், வரையாட்டுக்கு உடம்பெல்லாம் ஒரே நிறம்தான். குட்டியும் கரும்பழுப்பு, கொம்பு வளைந்த கிழட்டுக் கிடாயும் கரும்பழுப்பு. இப்போது வயசான கிடாயின் முதுகில் வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறதே, அது அப்போது கிடையாது. அது எப்படி வந்தது என்றுதான் சொல்லப்போகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

மேகம் வந்து முட்டும் ஒரு மலையின் இடுப்பில் சின்னதாக ஒரு குடியிருப்பு. அங்கே இருளாண்டி என்று ஒரு வேட்டைக்காரன் இருந்தான். பாறை ஏறுவதில் கெட்டிக்காரன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

வரையாட்டை வேட்டையாடுவது முயலுக்குக் கண்ணி வைப்பது மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அது நிற்கிற இடத்தில் மனுசன் நிற்க முடியாது. காலடியில் ஒரு பொடிக்கல் உருண்டால் போதும், மந்தையே சீட்டியடித்துக்கொண்டு ஓடிவிடும். காற்று திரும்பினால் நம் வாடை நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடும். ஏற ஏற மூச்சு நெஞ்சில் தங்காது. தொடை வெடவெடக்கும். குளிரில் விரல் மரத்துப்போகும், ஆனால் பயத்தில் உள்ளங்கை மட்டும் வேர்த்துக்கொட்டும். பிடி வழுக்காமல் இருக்க அடுப்புச் சாம்பலைப் பையில் கொண்டுபோய்க் கையில் பூசிக்கொள்வார்கள். வரையாடு கீழேதான் பார்க்கும், மேலே பார்க்காது. அதனால் சுற்றுவழியாக உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கொடிக்கயிற்றில் தொங்கி இறங்கவேண்டும்.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது? அதற்கு ஒரு முறை உண்டு. பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன்தான் பிடிக்கவேண்டும். பங்காளி பிடித்தால் என்றைக்காவது அவன் புத்தி கோணலாம். மச்சான் விடவே மாட்டான். விட்டால் தாலியறுப்பது அவன் தங்கச்சி அல்லவா! பிடித்தவனுக்குப் பின்னந்தொடை ஒன்று பங்கு.

இருளாண்டியின் பெண்டாட்டி மாயக்கா. அவளுடைய அண்ணன் தவசி. இத்தனை வருசமாக அவன்தான் கயிறு பிடித்தான். ஒருநாள் கறி பிரிக்கும்போது இருளாண்டி வாயை விட்டான்.

"ஏன் மச்சான், தொங்குறது நானு. நீ மேல உக்காந்து வெத்தலை மென்னுக்கிட்டுக் கயித்தைப் பிடிக்கிற. உனக்கு எதுக்குத் தொடை? கழுத்துக்கறி பத்தாதா?"

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தவசிக்கு முகம் சுண்டிவிட்டது. "கழுத்துக்கறியும் வேண்டாம் மாப்ளே. இனிமே உன் கயித்தை மரத்துல கட்டிக்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

"போய் ஒரு வார்த்தை சமாதானமாப் பேசிட்டு வா," என்று மாயக்கா கெஞ்சினாள். "நானா? அவன் வரட்டும்," என்றான் இருளாண்டி. வீம்பு சோறு போடுமா? ஆனால் சொன்னால் கேட்கிற ஆளா அவன்.

அப்போது சாரல் பிடித்துக்கொண்டது. விடாத மழை. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போயிற்று. மாயக்காவுக்கோ நிறைமாசம். வெறும் கீரைத் தண்ணியைக் குடித்துவிட்டு, "எனக்குப் பசியில்ல," என்று பொய் சொன்னாள். அதைக் கேட்ட இருளாண்டி, மழை சற்று விட்ட ஒரு காலையில் ஈட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டான்.

உச்சிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. விளிம்பில் ஒரு காட்டுப்பூவரசு நின்றது. அதில் கயிற்றைக் கட்டி, கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு இறங்கினான். கீழே ஒடுக்கமான ஒரு பாறைத்தட்டில் கால் வைத்துத் திரும்பிப் பார்த்தால், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரிய கிடாய், அசைபோட்டபடி நிற்கிறது.

"வா தம்பி. கயிறு யார் பிடிக்கிறது?" என்று கேட்டது கிடாய்.

"மரம் பிடிக்குது. உனக்கென்ன?"

"மரமா? மரத்துக்குத் தங்கச்சி இருக்கா?"

இருளாண்டிக்குக் கோபம் வந்துவிட்டது. ஈட்டியை உருவுவதற்காகக் கயிற்றை லேசாக இழுத்து உடம்பை நிமிர்த்தினான். மழையில் ஊறிக் கிடந்த மண் அதற்காகவே காத்திருந்ததோ என்னவோ, மரம் வேரோடு சாய்ந்தது. கயிறு அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு போயிற்று. மண்ணும் கல்லும் கயிறும் மரமுமாக அவன் தலையை உரசிக்கொண்டு பள்ளத்தில் போய் விழுந்தன. விழுந்த சத்தம் வரவே வெகுநேரம் ஆயிற்று.

மேலே ஏற வழியில்லை. கீழே இறங்கவும் வழியில்லை. இருளாண்டி பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டான். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. கீழே பார்த்தால் மூடுபனி. 'பிள்ளை முகத்தைப் பார்க்காமலே போயிருவேனோ' என்று நினைத்தான். அத்தனை பெரிய ஆள் வாய்விட்டு அழுதான்.

கிடாய் அசைபோடுவதை நிறுத்தியது. "வீட்டுல யாரு இருக்கா?"

"பெண்டாட்டி. நிறைமாசம். அவளுக்காகத்தான் வந்தேன் பெரியவரே."

"என்னைக் கொல்லத்தான் வந்த. அதையும் சேர்த்துச் சொல்லு."

"ஆமா. கொல்லத்தான் வந்தேன்."

கிடாய் மந்தை மேயும் பக்கம் திரும்பிப் பார்த்தது. என் மந்தையிலும் சினையாடு நிற்கிறது என்று நினைத்ததோ என்னவோ. பிறகு சொன்னது: "இந்தத் தட்டு சுத்திக்கிட்டே மேல போகுது. எனக்கு வழி தெரியும். ரெண்டு கையையும் என் முதுகுல ஊனிக்க. என் குளம்பு பட்ட இடத்துலதான் உன் கால் படணும். ஈட்டியைக் கீழ போடு."

ஈட்டி போனால் கறியும் போச்சு. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு கொழுத்த ஒரு கிடாய் இனி எந்தக் காலத்தில் கிடைக்கும்? இருளாண்டி ஈட்டியைப் பார்த்தான், கிடாயைப் பார்த்தான். பிறகு ஈட்டியைப் பள்ளத்தில் விட்டான்.

சாம்பல் பூசிய கைகளைக் கிடாயின் ஈர முதுகில் அழுத்திக்கொண்டு நடந்தான். அதுவும் ஒரு நடையா? முகத்தில் பாறை உரசியது. ஒரு இடத்தில் பாதத்தில் பாதிதான் தட்டில் இருந்தது, மீதி வெறும் காற்றில். மூச்சு இரைத்தது. கிடாய் நின்றால் அவனும் நின்றான். அவன் நடுங்கினால் கிடாயும் நின்று பொறுத்துக்கொண்டது.

இதற்கிடையே மாயக்கா வயிற்றைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். "தனியாப் போயிருக்காருண்ணே," என்றாள். அவ்வளவுதான். தவசி, "அறிவுகெட்ட பயல், அறிவுகெட்ட பயல்," என்று திட்டிக்கொண்டே ஈட்டியும் கயிறுமாக மலையேறினான். உச்சியில் மரம் நின்ற இடத்தில் குழிதான் இருந்தது. தவசி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஒரு தொடைக்கறிக்காக மாப்பிள்ளையைச் சாகக் கொடுத்துவிட்டேனே என்று மார்பு வெடிக்க அழுதான்.

அந்தச் சமயம் பார்த்து விளிம்பில் ஒரு சோடிக் கொம்பு எழும்பியது. தவசிக்கு ஆத்திரம் கண்ணை மறைத்தது. 'உன்னைத் தேடி வந்துதானே அவன் செத்தான்!' ஈட்டியை ஓங்கினான்.

பின்னால் வந்த இருளாண்டி அதைப் பார்த்துவிட்டான். கத்த வாயைத் திறந்தால் மூச்சே இல்லை, சத்தம் எங்கே வரும்? அப்படியே கிடாயின் முதுகில் குப்புற விழுந்து, இரண்டு கையையும் விரித்து மறைத்துக்கொண்டான். கரிய முதுகின்மேல் வெள்ளை வெளேரென்று இரண்டு மனுசக் கை. பனிக்குள்ளும் அது தவசிக்குத் தெரிந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"மாப்ளே!"

"தப்பு என் பேர்ல மச்சான்," என்றான் இருளாண்டி, மூச்சு வந்ததும். தவசி அவனைக் கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அழுதார்கள், சிரித்தார்கள். கிடாய் பக்கத்திலேயே நின்றது. ஈட்டியும் பக்கத்திலேயே கிடந்தது.

தவசி தாழ்ந்த குரலில் சொன்னான்: "தங்கச்சி பசியோட இருக்கா மாப்ளே."

"தெரியும். நான் உசுரோட போறேன்ல மச்சான். இன்னைக்கு அது போதும்."

கிடாய் கழுத்தைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்தது. "என்னத்தைப் பூசியிருக்க?"

"சாம்பல் பெரியவரே. இருங்க, தொடைச்சு விடுறேன்."

"தொடைக்காத," என்றது கிடாய். "இன்னைக்கு உனக்கு நன்றி இருக்கு. நாளைக்குப் பசி வரும். பசி வந்தா மனுசனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இது கண்ணுக்குத் தெரியட்டும்."

சொல்லிவிட்டுப் பாறைக்குள் இறங்கிவிட்டது. எத்தனை மழை பெய்தும் அந்தச் சாம்பல் கரையவில்லை.

அந்த நாள் தொட்டுத்தான், குட்டியில் இல்லாத அந்த வெள்ளை, மந்தைக்கு வழிகாட்டும் வயசு வந்ததும் கிடாயின் முதுகில் வந்து விழுகிறது. அந்த மலைக்காரன் எவனானாலும் அதைக் கண்ட இடத்தில் ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டு, பசித்த வயிற்றோடு வீட்டுக்குத் திரும்புகிறான்.