சாய்வதற்கு முன் சொல்ல வேண்டியது

துபாயிலிருந்து திருச்சிக்குப் பறந்த விமானத்தில், கம்பி கட்டும் அடைக்கலம் மடியில் ஒரு மண்கலயத்தை அணைத்தபடி உட்கார்ந்திருந்தான். உள்ளே அவன் கூட்டாளி சின்னழகின் அஸ்தி. பன்னிரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்தவனை, நஷ்டஈடு கொடுக்காமலிருக்க ‘வேலையை விட்டு எப்போதோ ஓடிப்போனவன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார் முதலாளி கோபாலரத்தினம். ஊரில் சின்னழகின் பெண்டாட்டிக்கு ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேர்தான் மிச்சம்.

அந்த முதலாளியேதான் முன் இருக்கையில். சொகுசு வகுப்பில் இடம் கிடைக்காத ஆத்திரத்தில் இருக்கையை ஒரே தள்ளாகச் சாய்த்தார். கலயம் அடைக்கலத்தின் நெஞ்சில் இடித்தது.

“ஐயா, கொஞ்சம் நிமிர்த்துங்க. அஸ்திக் கலயம்.”

“காசு குடுத்த சீட்டுடா, படுத்துக்கிட்டேதான் வருவேன். அதைக் கீழ போடு.”

“தரையில வைக்கக் கூடாதுங்க. நீங்க தாராளமா சாயுங்க. ஆனா அஸ்திகிட்ட தலை சாய்க்கிறவங்க, செத்தவன் பேரையும் செத்த இடத்தையும் சத்தமாச் சொல்லி மன்னிப்புக் கேக்கணும். இல்லேன்னா அவன் கூடவே வீட்டுக்கு வந்துருவான். பேரு சின்னழகு, சொந்த ஊரு அறந்தாங்கிப் பக்கம்.”

முதலாளி மணிக்கட்டில் ஏழு மந்திரக் கயிறு கட்டியிருப்பவர். சட்டென்று திரும்பிக் கும்பிட்டார்.

“பன்னிரண்டாம் மாடிச் சாரத்துலேர்ந்து விழுந்து செத்த சின்னழகு, என்னை மன்னிச்சிருப்பா!”

அவரிடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப, சுற்றி உட்கார்ந்திருந்த பதினாறு கொத்தனார்களும் அதற்குள் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஓடிப்போனவன் எந்த மாடியில செத்தான்னு நல்லாத்தான் ஞாபகம் வச்சிருக்கீங்க, முதலாளி,” என்றான் அடைக்கலம். “இனிமே சாஞ்சுக்குங்க.”

திருச்சி வரும்வரை அவர் முதுகு இருக்கையில் படவே இல்லை.