மூன்றாம் மாத வாடகை

வெகு வெகு காலத்துக்கு முன்னே, ராஜாவின் யானைக்குக்கூட ஓடு வேய்ந்த கொட்டில் இருந்த மணிகூடபுரியில், வீடு கட்டுகிறவர்களுக்கு மட்டும் வீடு கிடையாது. இது மாயாஜாலம் இல்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மாயாஜாலம் இனிமேல்தான் வருகிறது.

அந்த ஊரில் அங்காயி என்று ஒரு சித்தாள். ஊரில் பாதி வீடுகளுக்கு மண் சுமந்தவள் அவள்தான். மகள் சொர்ணிக்குப் பத்து வயது. பிறந்ததிலிருந்தே நடை இல்லை. தலையில் மண்கூடை, முதுகில் துணி கட்டி மகள். அப்படித்தான் அங்காயி வேலைக்குப் போவாள்.

மழைக்காலம் வந்தது. வாடகைக்கு வீடு தேடினாள்.

முதல் வீட்டுக்காரர் கேட்டார்: "பிள்ளை நடக்குமா?"

"நடக்காதுங்க."

"அப்ப வீடு இல்ல."

இரண்டாம் வீட்டுக்காரம்மா கேட்டாள்: "பிள்ளை நடக்குமா?"

"நடக்காதுங்க."

"தரையெல்லாம் தவழ்ந்து அழுக்காக்கும். வீடு இல்ல."

மூன்றாவது, போன மாதம் அங்காயியே மண் சுமந்த வீடு. "பிள்ளை நடக்குமா?"

சொர்ணி முதுகிலிருந்து எட்டிப் பார்த்தாள். "உங்க வீடு மட்டும் நடக்குமா?"

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

நாலாவதாக, ஊர்க்கோடியில் ஏழு தூண் வைத்த வீடு. வாசலில் சிரித்த முகத்தோடு நின்றான் காலகண்டன் என்ற மாயாவி.

"காசு வேண்டாம் தாயி. முதல் மாசம் உன் கூந்தல். ரெண்டாம் மாசம் உன் தூக்கம். மூணாம் மாசத்து வாடகையை அப்புறம் பேசிக்கலாம். நல்லபடியா வலது காலை எடுத்து வச்சு உள்ள வா."

மழை கொட்டியது. அங்காயி வலது காலை எடுத்து வைத்தாள்.

முதல் மாதம் வந்து கேட்டான். அங்காயிக்கு மனமில்லை. ஆனால் வாய் தானாக, "சரிங்க ஐயா" என்றது. கூந்தல் போனது.

இரண்டாம் மாதம் கேட்டான். "சரிங்க ஐயா." தூக்கம் போனது.

ஒரு நாள் நடுப்பகலில் கண் எரிய, ஒரு தூணில் சாய்ந்தாள். தூண் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ திக் திக் என்று துடித்தது. பதறி அடுத்த தூணைத் தொட்டாள். துடிப்பு. அதற்கும் அடுத்தது. துடிப்பு. உள்ளிருந்து "அம்மா" என்று முனகல் கேட்டது. ஐயோ, ஏழும் பிள்ளைகள்! முன்னால் குடியிருந்தவர்களின் பிள்ளைகள். வலது காலை வைத்துத் துள்ளி ஓடி வந்த பிள்ளைகள்.

மகளை முதுகில் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அங்கே காலகண்டன் நின்றான்.

"மூணாம் மாசம் பொறந்துருச்சு தாயி. எட்டாவது தூண் வேணும். பிள்ளையைக் கொடு."

அங்காயி மகளைக் கட்டிய முடிச்சை இறுக்கிப் பிடித்தாள். அடுத்து ஒரு குரல் கேட்டது. அது அவளுடைய குரல்.

"சரிங்க ஐயா."

வாயைப் பொத்தினாள். விரலைக் கடித்தாள். விரலிடுக்கு வழியாகவும் அதே சொல் வந்தது. அந்த நிலைப்படியை வலது காலால் மிதித்தவர்களுக்கு வேறு சொல் வராது. தெருக்காரர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் எச்சரிக்கவில்லை, அவர்களும் யார் வீட்டிலோ வாடகைக்கு இருந்தவர்கள்.

"யோவ்!" என்றாள் சொர்ணி. "என்னைக் கேக்காம என்னை எப்படிய்யா வாங்குவ?"

மாயாவி திகைத்தான். "உனக்கு மட்டும் எப்படி வேற சொல் வருது?"

"நான் எங்கய்யா படியை மிதிச்சேன்? எங்கம்மா தூக்கிட்டுல்ல வந்தா!"

மாயாவியானாலும் வீட்டுக்காரன்தானே! முதுகில் இருந்த பிள்ளையை அவன் ஓர் ஆளாகவே எண்ணியிருக்கவில்லை.

"முடியாது!" என்றாள் சொர்ணி. தூண்கள் விரிசல் விட்டன.

"முடியாது!" நிலைப்படி பிளந்தது.

"முடியாது!" காலகண்டன் பழஞ்சுவர்ச் சுண்ணாம்பாகப் பொலபொலவென்று உதிர்ந்தான்.

தூண்களிலிருந்து ஏழு பிள்ளைகள் தடுமாறி இறங்கினார்கள். எல்லோரும் வெளியே ஓடவும் கூரை சரியவும் சரியாக இருந்தது.

செய்தி கேட்டு ராஜா பொன்னாடை அனுப்பினார். வீடு அனுப்பவில்லை. ஏழு பிள்ளைகளின் பெற்றோரும், கொத்தர்களும், சித்தாள்களும் திரண்டு வந்தார்கள். யாரையும் கேட்காமல் அந்த மனையில் எட்டு வீடுகள் கட்டினார்கள். எட்டுக்கும் படி வைக்காமல் சரிவு பூசினார்கள்.

குடிபுகுந்த காலையில் சொர்ணி கைகளை ஊன்றி, யாரும் தூக்காமல், நகர்ந்து ஏறி உள்ளே போனாள். அங்காயி, வேலை முடிந்த சித்தாள் கூலிக்கு நிற்பதுபோல, வெளியிலேயே நின்றாள்.

"ஏம்மா அங்கேயே நிக்கிற? இது நம்ம வீடும்மா!"

அங்காயி உள்ளே போனாள். அன்றிரவே, போன தூக்கம் திரும்பி வந்தது. அவர்கள் அங்கே சுகமாக இருந்தார்கள். கேட்ட நீங்களும் நனையாமல் இருங்கள்.