தினம் ஒரு புதுத் தப்பு

“டீச்சர், எல்லாத்துலயும் இன்டர்நெட் வருது. ஆனா வீட்டுக்குள்ள ஒண்ணை ஒண்ணு பார்த்துக்க மாட்டேங்குது.”

சொன்னவர் கோதண்டபாணி. அறுபத்திரண்டு வயது. தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடியாத்தத்தில் அவர் ஏறாத கம்பம் இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தவள் ரஸியா. முப்பது வயது. ஒரு மருந்துக் கடையின் மாடியில், வீட்டிலேயே நெட்வொர்க் போட்டுக்கொள்வது எப்படி என்று இரண்டு வாரம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். தினமும் மாலை நான்கு மணிக்கு. ஆறு பேர் வந்தார்கள். ரஸியா அதிகம் பேசமாட்டாள்.

“வீட்ல யாரு யாரு சார்?”

“நானும் என் வீட்டுக்காரியும்தான்.”

“மெஷின்?”

“ஹால்ல என் பழைய கம்ப்யூட்டர். ரூம்ல அவ லேப்டாப். ஒரு பிரிண்டர். அவளுக்கு முட்டி வலி. உட்கார்ந்த இடத்துல இருந்தே பிரிண்ட் எடுக்கணுங்கறா.”

ரஸியா அவருடைய கைபேசியை வாங்கினாள். அதில் ரவுட்டரின் ஆப்பைத் திறந்து, அவர் எப்படி அமைத்திருக்கிறார் என்று பார்த்தாள். திருப்பிக் கொடுத்தாள்.

“உங்க சொந்த வீட்ல நீங்க ரெண்டு பேரும் ஏன் விருந்தாளியா இருக்கீங்க?”

கோதண்டபாணிக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. ரவுட்டரில் இரண்டு வைஃபை பெயர்கள் இருந்தன. ஒன்று வீட்டுக்காரர்களுக்கு. இன்னொன்று வந்து போகிறவர்களுக்கு. வந்து போகிறவர்கள் இன்டர்நெட் பார்க்கலாம். பக்கத்தில் இருப்பவரின் மெஷினைப் பார்க்க முடியாது. அவர் எல்லாவற்றையும் அதில்தான் இணைத்திருந்தார்.

நோட்டில் எழுதிக்கொண்டார். சிவப்புப் பேனாவில் ஒரு கோடு. நீலப் பேனாவில் ஒரு கோடு.

மறுநாள் வந்தார்.

“மாத்திட்டேன் டீச்சர். இப்பவும் தெரியலை.”

“புதுசா சேரும்போது கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டிருக்குமே. இது வீடா, பொது இடமான்னு.”

“கேட்டுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“பொது இடம்னு.”

“பஸ் ஸ்டாண்டுல இருக்கோம்னு நினைச்சு அது ஒளிஞ்சுக்கிட்டிருக்கு. வீடுன்னு சொல்லுங்க.”

மூன்றாம் நாள் பிரிண்டர் மட்டும் பழைய பெயரிலேயே தனியாக நின்றது. நான்காம் நாள் ஃபோல்டரைப் பகிர்ந்திருந்தார். யாருக்கு அனுமதி என்ற இடத்தில் ஒரு பெயரும் போடவில்லை. ஐந்தாம் நாள் போட்ட பெயரை எடுத்துவிட்டிருந்தார்.

கூடப் படித்த மற்ற ஐந்து பேரும் வீட்டில் பிரிண்ட் எடுத்து, அந்தக் காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒருவர் பேத்தியின் படத்தை எடுத்துவந்தார். கோதண்டபாணி மட்டும் வெறுங்கையோடு வந்தார்.

வீட்டில் தமயந்தி தினமும் கேட்டாள். அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். குரல் எப்போதும் வார்டில் கேட்கிற குரல்தான்.

“ஆச்சா?”

“ஆகிடும்.”

“ஞாயித்துக்கிழமை என் கிளாஸ். பன்னெண்டு பேரு வராங்க. கையில புஸ்தகம் குடுக்கணும்.”

“ஆகிடும்ங்கறேன்ல.”

“பேசாம கடையில குடுத்து பிரிண்ட் எடுத்துடலாமா?”

“வேணாம். அந்த கம்ப்யூட்டரைத் தொடாத. வேலை நடந்துக்கிட்டிருக்கு.”

படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவள் ஒரு கையேடு எழுதியிருந்தாள். எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, எப்படி ஊட்டுவது, படுக்கைப் புண் வராமல் என்ன செய்வது. நூற்று நாற்பது பக்கம். ஹால் கம்ப்யூட்டரில் ஆரம்பித்து, இரண்டு விரலால் தட்டித் தட்டி, ஒன்றரை வருடம்.

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை. வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். கோதண்டபாணி மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், எனக்கு இது வராது போலிருக்கு.”

ரஸியா கை நீட்டினாள். அவர் நோட்டைக் கொடுத்தார்.

முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். ரவுட்டர், கம்ப்யூட்டர், லேப்டாப், பிரிண்டர். எதற்கு எந்தப் பெயர், எந்த எண், எங்கே அழுத்த வேண்டும். சிவப்பும் நீலமுமாக எல்லாம் இருந்தது. அவள் சொல்லாததைக்கூட அவரே கண்டுபிடித்து எழுதியிருந்தார்.

“இதுல ஒரு தப்புகூட இல்லையே சார்.”

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினார்.

“நான் ஆறு வருஷமா சொல்லிக்கொடுக்கறேன். தெரியாம தப்பு பண்றவங்க ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பப் பண்ணுவாங்க. நீங்க தினம் ஒரு புதுத் தப்போட வரீங்க.”

கீழே மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இது சரியாச்சுன்னா என்ன ஆகும் சார்?”

கோதண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

“அவ அந்த ஃபோல்டரைத் திறந்து பார்ப்பா.”

ரஸியா நோட்டை மூடி அவர் கையில் வைத்தாள்.

“நாளைக்கு கிளாஸுக்கு வராதீங்க. வீட்லயே இருந்து முடிங்க.”

“எதை டீச்சர்?”

அவள் ஜன்னலைச் சாத்தினாள். விளக்கை அணைத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆரம்பித்தார். பத்து இருபதுக்கு முடிந்துவிட்டது. ஒரு தப்பும் நடக்கவில்லை.

சோதனைப் பக்கம் ஒன்று பிரிண்டரிலிருந்து வந்து விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அறை வாசலுக்குப் போனார்.

“தமயந்தி. ஆச்சு.”

அவள் கட்டிலில் காலை நீட்டி, மடியில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள்.

“எங்க அழுத்தணும்?”

சொன்னார். அவள் அழுத்தினாள். ஹால் கம்ப்யூட்டரின் பெயர் வந்தது. அதற்குள் போனாள். புத்தகம் என்று பெயர் போட்ட ஃபோல்டரைத் திறந்தாள்.

“காலியா இருக்குன்னு வருது.”

“காலிதான்.”

கண்ணாடியைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா ஓடுதேன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டேன். உன்னோடதை எடுத்து வச்சுட்டேன்னு நினைச்சேன். வைக்கலை. ஒன்றரை வருஷ வேலையை அழிச்சுட்டேன் தமயந்தி.”

“எப்போ?”

“போன வாரம் திங்கக்கிழமை.”

அவள் விரல் விட்டு எண்ணினாள்.

“பதினோரு நாளா?”

“ஆமா.”

“பதினோரு நாளா இதைத்தான் உள்ள வச்சுக்கிட்டு அலைஞ்சீங்களா? தட்டுல பாதி சோத்தை அப்படியே வைக்கறீங்க. ராத்திரி புரண்டு புரண்டு படுக்கறீங்க. சுகர் ஏறிடுச்சுன்னு நினைச்சு, நாளைக்கு ரத்தம் எடுக்க ஆளை வரச்சொல்லியிருக்கேன்.”

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

தமயந்தி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள்.

திரையில் கையேடு இருந்தது. முதல் பக்கம். அவள் பெயர்.

“லேப்டாப் வந்த அன்னைக்கே பென்டிரைவ்ல போட்டு எடுத்துட்டேன். மூணு மாசமா இதுலதான் எழுதறேன்.”

“நீ அதுல சீரியல் பார்க்கறேன்னு நினைச்சேன்.”

“அதுவும் பார்க்கறேன்.”

“அப்போ தினமும் ஆச்சா, ஆச்சான்னு கேட்டியே?”

“பிரிண்டரைக் கேட்டேன்.”

கோதண்டபாணி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். சிரிப்பு வந்தது. கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டையும் அடக்கத் தெரியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

தமயந்தி சிரிக்கவில்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“கடைசிப் பாடம் இதுல இல்லை.”

துண்டு இறங்கியது.

“அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை லேப்டாப்ல சார்ஜ் இல்லைன்னு ஹால்ல உட்கார்ந்து அடிச்சேன். ஒன்பது பக்கம். அது மட்டும் போச்சு.”

அவளுக்கு இப்போதுதான் கோபம் வந்தது. எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் வழக்கத்தைவிடப் பலமாக வைக்கப்பட்டன. அவர் நகராமல் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம்கூட அவருக்கு நன்றாக இருந்தது.

மதியம் தட்டில் சோற்றைப் போட்டாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு ரஸியாவைக் கைபேசியில் கூப்பிட்டார்.

“ஆச்சு டீச்சர்.”

“பிரிண்டரா சார்?”

“அதுவும்.”

“சரி சார்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தமயந்தி அறையிலிருந்து கூப்பிட்டாள்.

“வாங்க. நான் சொல்றேன், நீங்க அடிங்க. ஒன்பது பக்கமும் இன்னைக்கு முடிச்சாகணும்.”

லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டார். அவளைவிட மெதுவாகத்தான் தட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். மருந்து வேளைகள். அளவுகள். சீட்டில் எப்படிக் குறித்துவைப்பது. ஒன்பதாம் பக்கம் வந்தபோது வெயில் இறங்கியிருந்தது.

“மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் பயந்து மறைக்காதீர்கள்,” என்றாள் தமயந்தி. “உடனே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் தள்ளிப்போடுகிற ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியைவிட உங்களைத்தான் அதிகம் படுத்தும்.”

கோதண்டபாணியின் விரல் நின்றது.

“இது அழிஞ்சுபோனதுலயே இருந்ததா? இல்ல, இப்போ சேர்க்கறியா?”

தமயந்தி கண்ணைத் திறக்கவில்லை.

“முற்றுப்புள்ளி வைங்க,” என்றாள். “அடுத்த வரி.”