ஏரிக்கடியில் முகூர்த்தம்

பஞ்சுமேட்டுக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. வீணாகச் செலவழிப்பானேன் என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குப்பாண்டியின் கல்யாணச் சாமான்கள் ஏரியைத் தாண்டிப் பெண் வீட்டு ஊருக்குப் படகில் கிளம்பின. ஆட்டுக்கல், அண்டா, குலசாமி முன்னால் பூசை போட்ட தாலி, எல்லாம். பாதி தூரத்தில் படகோட்டி பதறினார்.

"பாரம் ஜாஸ்தி! எதையாவது இறக்குங்க!"

கல்யாணச் சாமானில் கை வைக்கலாமா? அபசகுனம் இல்லையா? படகோட்டியை இறக்கிவிட்டார்கள். அவர் திட்டிக்கொண்டே நீந்திப் போனார். ஓட்ட ஆளில்லாத படகு அக்கரைப் பாறையில் மோதி மூழ்கியது. பாறையைப் பிடித்து ஆட்கள் மட்டும் தப்பினார்கள்.

பெண்ணின் அப்பா ஒச்சப்பன் கறாராகச் சொல்லிவிட்டார். "நாளைக்குப் பத்து மணிக்குள்ள அதே தாலி ராக்காயி கழுத்துல ஏறணும். இல்லேன்னா மேலத்தெருப் பையன் தயாரா இருக்கான்."

குப்பாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மூன்று வருஷமாக ராக்காயி நினைப்பாகவே இருக்கிறவன், பாவம்.

அந்த ஏரியில் மூழ்கிக் கிடக்கும் பழைய படகுகளைப் பார்க்க வரும் டவுன்காரர்களைக் கரையிலிருந்தே தண்ணீருக்குள் இறக்கிவிடுவது ஜேக்கப் மாஸ்டரின் தொழில். குப்பாண்டியும் கூட்டாளி மொக்கையனும் மறுநாள் விடிந்ததும் அவரிடம் ஓடி, "படகைப் பாக்கணும்" என்றார்கள். மாஸ்டருக்கு நல்ல காய்ச்சல். இருவர் முதுகிலும் காற்றுச் சிலிண்டரைக் கட்டிவிட்டு, எல்லாரிடமும் சொல்கிறதையே சொன்னார். "தண்ணி ஐஸா இருக்கும், உடம்பைச் சூடா வச்சுக்கங்க. ஒருத்தர் கையை ஒருத்தர் விடாதீங்க. படகுல இருந்து எதையும் மேலே கொண்டு வரக் கூடாது." மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஜீப்பில் தூங்கிவிட்டார்.

மொக்கையன் குளிர்காயும் கணப்புச் சட்டி நிறைய நெருப்புக் கங்கு எடுத்துக்கொண்டு இறங்கினான். புஸ்ஸென்றது. மேலே வந்தான்.

"தீப்பெட்டி இருக்கா?"

கூடவே முங்கி எழுந்த குப்பாண்டி மடியைத் தடவினான். "நனைஞ்சிருக்கே."

"கூதல்ல நமுத்திருக்கும். வேற சட்டி கொண்டா."

நாலு சட்டி அணைந்த பிறகு ஆளுக்கு மூன்று கம்பளி சுற்றிக்கொண்டு குதித்தார்கள். அம்மாடி, என்ன வேகத்தில் போனார்கள்! உடம்பு விறைத்துப்போனது. படகும் கிடைத்தது, தாலிப் பெட்டியும் கிடைத்தது. கையை விடக்கூடாதே, அதனால் குப்பாண்டி பல்லாலேயே பெட்டியைத் திறந்தான். உள்ளே தாலி பளபளத்தது. ஆசை தீரப் பார்த்தான். மூடினான். இருவரும் கம்பளிகளை உதறிவிட்டு மேலே வந்தார்கள்.

கரையில் கல்யாணக் கூட்டமே நின்றது.

"தாலி?" என்றார் ஒச்சப்பன்.

"பத்திரமா இருக்கு மாமா. மேலே கொண்டு வரக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு."

"படிச்ச மனுஷன். காரணமில்லாம சொல்லுவாரா?" என்று ஆமோதித்தார் ஒச்சப்பன்.

குப்பாண்டி ஓவென்று அழுதான். "அப்போ ராக்காயி எனக்கு இல்லையா?"

அவன் கையை இன்னும் விடாமல் நின்ற மொக்கையன் யோசித்தான். "தாலி மேலே வரக் கூடாதுன்னுதானே சொன்னாரு? பொண்ணு கீழே போகக் கூடாதுன்னு சொல்லலியே!"

அடேயப்பா! கூட்டம் வாயைப் பிளந்தது. ராக்காயி முந்தானையை இழுத்துச் செருகினாள். "எனக்கு நாலு கம்பளி வேணும்" என்றாள்.

"ஓமத் தீ எரியுமா?" என்றார் ஐயர்.

"எரியாது சாமி. நாலு சட்டி பாத்தாச்சு."

ஒச்சப்பன் தாடையைச் சொறிந்தார். "அண்டாவும் அங்கேதானே கிடக்கு? பந்தியையும் கீழேயே வச்சுடலாம். ஆனா ஒண்ணு, மாப்பிள்ளை. சாம்பார்ல தண்ணி ஜாஸ்தின்னு உங்க ஆளுங்க ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது!"