கதவுக்கு வெளியே நின்ற ரீச்சர்

"உள்ளுக்கு வாங்கோ எண்டுறது, கந்தோரில அவங்கள் எனக்குச் சொல்லுற சொல்லு. நான் ஆருக்குச் சொல்லப்போறன், ரீச்சர்?" என்று கேட்டார் வல்லிபுரநாதன்.

ரீச்சர் நிரோஜினிக்கு வயது இருபத்தாறு. அவருக்கு ஐம்பத்து நான்கு. பாரிஸில் ஒரு தமிழ்ப் பலசரக்குக் கடையின் பின்னறையில் அவள் பிரெஞ்சு படிப்பித்தாள்.

ஊரில், கரவெட்டியில் இருக்கும் மனைவி தவமலரைப் பாரிஸுக்குக் கூப்பிட அவர் ஆறு வருடமாக அலைகிறார். இப்போதுதான் மனுவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அதிகாரிகள் விசாரிக்கும்போது பிரெஞ்சில் பதில் சொல்ல நாக்குப் புரள வேண்டுமே என்றுதான் படிக்க வந்தார்.

மூன்று கிழமையாக இரண்டே சொல். "ஆந்த்ரே" என்றால் உள்ளே வாருங்கள். "அஸ்ஸேயே வூ" என்றால் உட்காருங்கள்.

சந்தேகம் அவரோடு கூடப் பிறந்தது. பால் வாங்கினாலும் திகதியை மூன்று தரம் பார்ப்பார். இவளுக்கு வேறு ஒன்றும் தெரியாதோ? ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரையாக வந்து வாய்த்தவளோ? இல்லை, ஒரு மனிசரும் எட்டிப் பார்க்காத வீட்டில் தனியாக இருக்கிறவனைக் கேலி பண்ணுகிறாளோ?

"விசாரணையில உதைக் கேக்கமாட்டாங்கள்."

"தெரியும், ஐயா."

ரீச்சர் எழுந்து முற்றத்துக்குப் போனாள். கதவைச் சாத்தினாள். தட்டினாள்.

அவர் கதிரையை விட்டு எழும்பினார். கொழும்பு லொட்ஜில் இருந்த காலத்தில் கதவு தட்டுப்பட்டால் அது பொலிஸ்தான். ஓடிப்போய்த் திறந்து, அடையாள அட்டை வைத்திருந்த சட்டைப்பையில் கை போட்டபடி ஒதுங்கி நின்றார்.

அவள் வரவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கையைக் காட்டினார், தலையை ஆட்டினார். அவள் நனைந்துகொண்டு அப்படியே நின்றாள்.

கடைசியில் எரிச்சலோடு "ஆந்த்ரே" என்றார். வந்தாள். கதிரைக்குப் பக்கத்தில் நின்றாள். அதற்கும் அவர்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொரு வகுப்பும் இப்படியே போனது. இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது, அடுத்த மாதம் நின்றுவிட வேண்டும் என்று முடிவெடுத்தார்.

அதற்குள் கடிதம் வந்தது. மனைவியும் இருக்க இடம் போதுமா என்று பார்க்க, வீட்டுக்கே ஓர் அதிகாரி வருவாராம்.

வருகிறவன் எங்கே பிழை பிடிப்பானோ என்று இரண்டு நாளாகத் தண்ணீர்க் குழாயையும் யன்னலையும் திறந்து திறந்து பார்த்தார்.

வெளியே மழை. காலை பத்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது.

கதவில் இருந்த ஓட்டையால் பார்த்தார். உயர்ந்த மனிதர், கையில் கோப்பு. திறந்தார். சட்டைப்பையில் கை போட்டபடி ஒதுங்கி நின்றார்.

அதிகாரி வரவில்லை.

கால்மிதியில் சப்பாத்தைத் துடைத்தார். கோப்பைக் கை மாற்றினார். இதென்ன சூழ்ச்சி என்று வல்லிபுரநாதன் யோசித்தார். உள்ளே வராமலே இடம் போதாது என்று எழுதிவிடப் போகிறானோ? தவமலர் இன்னும் எத்தனை வருடம் காத்திருப்பாள்?

அந்த மனிதர் நனைந்த தலையோடு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசலுக்கு வெளியே நின்றார்.

நனைந்த தலை.

வல்லிபுரநாதன் சட்டைப்பையிலிருந்து கையை எடுத்தார்.

"ஆந்த்ரே, மெசியு."

அதிகாரி நன்றி சொல்லி உள்ளே வந்தார். மேசையடியில் மறுபடி நின்றார்.

தவமலருக்கென்று வாங்கிப் போட்ட கதிரை அது. இன்றுவரை ஒருவரும் அதில் இருந்ததில்லை. வல்லிபுரநாதன் அதை இழுத்துவிட்டார்.

"அஸ்ஸேயே வூ."